பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஒப்பீட்டுக் கட்டுரையை நிதானமாகப் படித்தேன். கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், எலிவேட், குஷாக், டைகுன் என்று ஏழு வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கடைசியில் ஒன்றுக்கு மகுடம் சூட்டியிருக்கிறாய். நடை சுத்தமாக இருக்கிறது, உழைப்பும் தெரிகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒரு குடும்பம் பதினைந்து, இருபது லட்சத்தை எடுத்து வைக்கப்போகிறது. அதில் பெரும்பகுதி வங்கிக் கடனாக இருக்கும். வருடக்கணக்கில் தவணை கட்டுவார்கள். அந்த வீட்டுக்கு இந்தக் கட்டுரை போதாது என்பது என் எண்ணம். அதனால்தான் இந்த நீளமான கடிதம்.

முதலில் இந்த ஏழு பேரின் உறவுமுறையைப் பார். கிரெட்டாவும் செல்டோஸும் ஒரே கொரியக் குழுமத்தின் பிள்ளைகள். ஒன்று நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பிறக்கிறது, மற்றது ஆந்திரத்தில் பெனுகொண்டா அருகே. 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல் மூன்றும் இரண்டு வண்டிக்கும் பொது. கிராண்ட் விட்டாராவும் ஹைரைடரும் மாருதியும் டொயோட்டாவும் கூட்டாக உருவாக்கி, 2022-ல் பெங்களூரை அடுத்த பிடதி ஆலையிலிருந்து வெளிவந்தவை. குஷாக், டைகுன் இரண்டும் புனே அருகே சாக்கனில் ஒரே அடித்தளத்தின் மேல் கட்டப்படுபவை. 2021-ல் சில மாத இடைவெளியில் விற்பனைக்கு வந்தன. எலிவேட் மட்டும் தனி ஆள். அதன் எஞ்சின் சிட்டி காரிலிருந்து வந்தது. ஆக, உன் ஏழு போட்டியாளர்கள் உண்மையில் நான்கு குடும்பங்கள். கிரெட்டாவுக்கு நம்பகத்தன்மையில் எட்டும் செல்டோஸுக்கு ஏழும் கொடுத்திருக்கிறாயே, அந்த ஒரு மதிப்பெண் எந்த உதிரிபாகத்திலிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்?

2024-ன் தொடக்கத்தில் நடந்ததை நினைத்துப் பார். சிவிடி கியர்பெட்டியில் மின் எண்ணெய்ப் பம்பைக் கட்டுப்படுத்தும் பாகத்தில் சந்தேகம் வந்து, கிரெட்டா, வெர்னா இரண்டிலுமாக 7,698 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஏறக்குறைய அதே நாட்களில் அதே காரணத்துக்காக 4,358 செல்டோஸ்களையும் அழைத்தார்கள். அழைக்கப்பட்டவை 1.5 பெட்ரோல் சிவிடி வண்டிகள் மட்டும். அதே ஷோரூமில் அதே நிறத்தில் நின்ற டீசல் கிரெட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. நான் உனக்குச் சொல்ல வந்ததே இதுதான். நம்பகத்தன்மையைப் பெயர்ப்பலகையில் தேடாதே. எஞ்சினும் கியர்பெட்டியும் சேர்ந்த அந்த ஜோடியில் தேடு. அந்த ஜோடியை வாங்குகிற வீட்டின் அன்றாடத்தோடு பொருத்திப் பார். மதிப்பெண் அட்டவணை இந்த இரண்டையுமே மறைத்துவிடுகிறது.

கியர்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை இரண்டே வரியில் தாண்டிவிட்டாய். ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் ஒன்று என்றுதான் வாங்குகிறவர் நினைக்கிறார். டர்போ கிரெட்டாவிலும் செல்டோஸிலும் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச். டைகுன், குஷாக்கின் 1.5 லிட்டரிலும் அதே வகை. நெடுஞ்சாலையில் கியர் மாறுவதே தெரியாது, அவ்வளவு அருமை. ஆனால் அது உலர் கிளட்ச். தீபாவளிக்கு முந்தைய இரவு பெருங்களத்தூரில் ஓரடி நகர்ந்து நின்று, மறுபடி ஓரடி நகரும்போது, நாம் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியை உருட்டுவோமே, அதே வேலையை அந்தப் பெட்டி உள்ளே செய்துகொண்டிருக்கும். தேய்வும் சூடும் அங்கேதான். விடுமுறை நாளில் கொடைக்கானல் ஏற்றத்தில் வரிசையில் மாட்டினால் இன்னும் மோசம். டார்க் கன்வெர்ட்டர் வகை அப்படி இல்லை. நகரும்போது எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. வேகம் கொஞ்சம் மந்தமாக இருக்கலாம், நெரிசலை அது பொறுத்துக்கொள்ளும். கிரெட்டா, செல்டோஸ் டீசலிலும், குஷாக், டைகுனின் 1.0 லிட்டரிலும், விட்டாராவின் சாதா பெட்ரோலிலும் இந்த வகைதான். தினமும் வேளச்சேரியிலிருந்து ஓ.எம்.ஆர். போய் வருகிறவருக்கு அதிகக் குதிரைசக்தி உள்ள டர்போ வேரியன்டை நீ சிபாரிசு செய்திருக்கிறாய். நானாக இருந்தால் அவரிடம் வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்லுவேன்.

அவருக்கு நான் காட்டுவது ஹைரைடர் அல்லது விட்டாராவின் முழு ஹைப்ரிட். மைலேஜ் எண்ணைக் காட்டி எல்லோரும் அதைப் பாராட்டுகிறார்கள்; எனக்கு அதன் எளிமைதான் பிடிக்கிறது. தனியாகக் கிளட்ச் இல்லை, சிவிடியின் பெல்ட் இல்லை, வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்கூட இல்லை. கோள் போலச் சுற்றும் ஒரு பல்சக்கரத் தொகுதி, இரண்டு மின்மோட்டார், ஓர் எஞ்சின், அவ்வளவுதான். 1997-ல் ஜப்பானில் வந்த பிரியஸ் காலத்திலிருந்து சீர்பட்டு வருகிற அமைப்பு இது. பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகிறார்கள். இன்னொன்று, நீ எழுதாமல் விட்டது: சிக்னலில் எஞ்சின் அணைந்தாலும் இதில் ஏ.சி. நிற்காது, ஏனென்றால் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. மைல்டு ஹைப்ரிட் என்று விற்கிற சாதா பெட்ரோலில் எஞ்சின் நின்றால் கம்ப்ரசரும் நின்றுவிடும். மே மாதம் கத்திரி வெயிலில் கத்திப்பாராவில் நிற்கும்போது பின்சீட்டில் கைக்குழந்தை இருந்தால், இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசித்துப் பார். குறையும் உண்டு. பேட்டரி பின்னால் உட்கார்ந்திருப்பதால் டிக்கி சுருங்கிவிடுகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின் அழுத்தி மிதித்தால் முனகும். பெரிய கண்ணாடிக் கூரை உள்ள வேரியன்டில் உயரமானவருக்குப் பின்னால் தலை இடிக்கப் பார்க்கும். இவற்றையும் எழுது.

டீசலை நீ வீர வணக்கம் செலுத்தி ஒதுக்கிவிட்டாய். மாதத்தில் பலமுறை சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 600 கி.மீ.க்கு மேல் ஓட்டுகிற வீட்டுக்கு கிரெட்டா, செல்டோஸ் டீசல் ஆட்டோமேட்டிக்தான் இந்த வரிசையிலேயே களைப்பு தராத வண்டி. 250 நியூட்டன் மீட்டர் இழுவிசை இருப்பதால் ஐந்து பேரும் சாமானும் ஏறினாலும் வண்டி திணறாது. ஆனால் பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் காய்கறி வாங்கித் திரும்புகிற மூன்று கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசலை வாங்குகிறவரைத் தடுத்தாக வேண்டும். புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிய நல்ல சூடு வேண்டும், சூடு ஏற நீண்ட ஓட்டம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அப்புறம் அந்த வீட்டில் வண்டியையே திட்டுவார்கள். தப்பு வண்டியில் இல்லை, பொருத்தத்தில்.

எலிவேட்டை உன் பட்டியலில் ஆறாவதாகத் தள்ளியிருக்கிறாய். அதில் டர்போ இல்லை, டீசல் இல்லை, ஹைப்ரிட் இல்லை என்பது உண்மை. பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரே வண்டியை வைத்துக்கொள்கிற, பெரிய நகரத்துக்கு வெளியே வாழ்கிற குடும்பத்துக்கு அந்த ‘இல்லை’ எல்லாமே சாதகம். டர்போ இல்லாத 1.5 பெட்ரோல், 121 பிஎஸ், பழகிய தொழில்நுட்பம், 458 லிட்டர் டிக்கி, ஏ.சி.க்குத் திருகு குமிழ்கள். விலைக்கு ஏற்ற பகட்டு இல்லை என்று நீ எழுதியதை நான் மறுக்கவில்லை. பகட்டைத் தேடாதவர்களும் நம் வாசகர்கள்தானே.

இனி சொகுசு. இங்கேதான் எனக்கு உன்மேல் உரிமையான கோபம். ஏழு வண்டியையும் ஓட்டியிருக்கிறாய், ஒன்றில்கூடப் பின்னால் உட்கார்ந்து பயணம் செய்ததாகத் தெரியவில்லை. குடும்ப வண்டியில் ஓட்டுகிறவர் ஒருவர். மற்ற நால்வரும் வெறும் பயணிகள். முன்சீட்டில் காற்றோட்ட வசதி இருப்பதை ஒரு பத்தி வர்ணித்திருக்கிறாய், பின்னால் இருப்பவருக்கு அது கிடையாது. அறுபது தாண்டிய ஒருவரை அழைத்துப் போ. குனிந்து இறங்காமல் இடுப்பைச் சாய்த்தபடியே அவரால் சீட்டில் அமர முடிகிறதா என்று கவனி. முழங்கால் வலிக்காரர்கள் செடானை விட்டு இந்த உயர்ந்த வண்டிகளுக்கு வந்ததே அதற்காகத்தான். இறங்கும்போது புடவைக் கொசுவமோ வேட்டி ஓரமோ கதவடிச் சேற்றைத் துடைத்துக்கொண்டு வருகிறதா என்று பார். தொடைக்கு அடியில் தாங்கல் எவ்வளவு நீளம், நடுவில் உட்கார்பவருக்கு மூன்று முனை பெல்ட்டும் தலைத்தாங்கியும் உண்டா, வெயிலை மறைக்கக் கதவில் இழுதிரை உண்டா என்று குறித்துக்கொள். குஷாக், டைகுன் 1,760 மி.மீ. அகலம், கிரெட்டாவும் எலிவேட்டும் 1,790. காகிதத்தில் மூன்று சென்டிமீட்டர்தான். பின்னால் மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். நான்கு பேர் குடும்பத்துக்கு டைகுன் மிக நல்ல வண்டி. 2022-ல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர், குழந்தை இருவருக்கும் ஐந்து நட்சத்திரம் பெற்ற ஜோடியில் ஒன்று அது. ஐந்து பேருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பள்ளத்தில் வண்டி எப்படிப் போகிறது என்று எழுதும் முன் டயரில் காற்றை அளந்து பார். நிறுவனம் தருகிற வண்டியிலும் ஷோரூம் வண்டியிலும் காற்று தூக்கலாக இருப்பது சாதாரணம். அப்புறம் ஐந்து பேரை ஏற்று. ஆள் ஏறாத வண்டியில் இறுக்கமாகத் தெரிகிற சஸ்பென்ஷன் பாரம் ஏறியதும் பதமாகிவிடும். காலியாக இருக்கும்போது மெத்தென்று இருந்தது, பாரத்தோடு வேகத்தடையில் அடியை உரசும். சக்கர அளவையும் விடாதே. கீழ் வேரியன்ட்களில் காணும் 205/65 ஆர்16 டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 133 மி.மீ., பகட்டான 215/55 ஆர்18-ல் 118 மி.மீ. தான். குறைகிற அந்த ரப்பரின் வேலை முழுக்கப் பயணியின் முதுகுக்குப் போகிறது. சொகுசு வேண்டுமென்றால் மேல் வேரியன்டை விடக் கீழ் வேரியன்ட் நல்லது என்று தயங்காமல் எழுது. மிதப்பாகப் போகிற வண்டியே சொகுசு என்றும் நினைத்துவிடாதே. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பின்சீட்டுப் பிள்ளைக்கு வாந்தி வரவழைப்பது அந்த மிதப்புதான்.

நம்பகத்தன்மையை இரண்டு நாள் ஓட்டத்தில் யாராலும் ருசி பார்க்க முடியாது. அதற்கு வேறு இடத்துக்குப் போக வேண்டும். காலை எட்டரை மணிக்கு ஒர்க்‌ஷாப் வாசலில் நில், வண்டி விட வருகிறவர்களிடம் பேச்சுக் கொடு. எந்த எஞ்சின், எந்தக் கியர், எத்தனை கிலோமீட்டர், உத்தரவாதம் முடிந்த பிறகு எதற்குச் செலவு, பாகம் வர எத்தனை நாள் என்று கேள். நிறுவனத்தோடு தொடர்பில்லாத வெளி மெக்கானிக்குகளிடம் உட்கார். திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளின் விவரங்களைத் தேதி வாரியாக எடுத்துவை. தென்காசிக்காரருக்கும் தருமபுரிக்காரருக்கும் அருகிலுள்ள சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பதும் நம்பகத்தன்மையில் சேர்ந்தது. மாருதிக்கு அந்த விஷயத்தில் ஈடு இல்லை. பழைய வண்டி வாங்குகிறவருக்கு ஒரு வரி சேர்: 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெட்ரோல் வண்டி என்றால், இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அது ஏற்குமா என்று கையேட்டில் பார்க்கட்டும்.

கட்டுரை அச்சுக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது. அட்டவணையை எடுத்துவிடு. ‘மன்னன் யார்’ என்ற தலைப்பும் வேண்டாம். நகர நெரிசலில் தாத்தா பாட்டியோடு வாழும் வீடு, நெடுஞ்சாலை வீடு, பத்து வருடம் வண்டியை மாற்றாத சிற்றூர் வீடு, இரண்டு பிள்ளையோடு நிற்கும் சிறு குடும்பம் என்று நான்கு வீடுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எஞ்சின், கியர்பெட்டி, வேரியன்ட், சக்கர அளவு வரை சொல்லி ஒரு வண்டியைக் காட்டு. ஏன் மற்றவை வேண்டாம் என்பதையும் பெயர் சொல்லி எழுது. விளம்பரப் பிரிவிலிருந்து யாராவது கேட்டால் ஆசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எலிவேட் மறுபடி உன் கைக்கு வரும் என்றாயே, அன்று வீட்டுப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு வேறு யாரையாவது ஓட்டச் சொல். நீ பின்னால் நடுவில் உட்கார்.

அன்புடன்,
உன் அண்ணன்