சாசனம் என்னும் சொல்

நம் ஆலயங்களோடு நெருங்கிய தொடர்புடைய சொற்களுள் ‘சாசனம்’ என்பதும் ஒன்று. கல்லில் வெட்டப்பட்டது சிலாசாசனம் எனவும், செப்பேட்டில் எழுதப்பட்டது தாமிரசாசனம் எனவும் வழங்கும். அரச கட்டளை என்பதே இதன் பொருளெனப் பலரும் கொள்வர். அஃது உண்மையே; ஆயினும் முழுப்பொருள் அன்று.

இது வடசொல். ‘சாஸ்’ என்னும் அடியிலிருந்து பிறந்தது. அவ்வடிக்கு ஆணையிடுதல், தண்டித்தல், கற்பித்தல் என்னும் பொருள்கள் உண்டு. கற்பிக்கும் நூலாகிய சாஸ்திரமும், கற்பிக்கப்படுபவனாகிய சிஷ்யனும் இவ்வடியிற் பிறந்த சொற்களே. சிஷ்யன் என்பதே தமிழிற் சீடன் ஆயிற்று. பௌத்தர்கள் புத்தபிரானின் போதனையைச் சாசனம் என்பதும் இதுபற்றியே. எனவே, நல்வழி கற்பித்து ஆள்வதே சாசனம்; வெறும் அதிகாரம் சாசனமாகாது.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. நயினாதீவு ஸ்ரீ நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே தமிழ்ச் சாசனம் ஒன்று உள்ளது. பொலநறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது அது. பிறநாட்டு வணிகர் முதலில் ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்று அது கூறுகின்றது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கே பண்டாரத்துக்கு உரியது. மூன்று பங்கு உடையவனுக்கே சேரும். ஏனைய வணிகப் பொருள் ஏற்றிய கப்பலாயின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

கடலில் உடைந்த கப்பலின் பொருள் முழுவதையும் எடுத்துக்கொள்ள மன்னனுக்கு வலிமை இருந்தது. ஆனால் அவன் தன் பங்குக்குத் தானே எல்லை வகுத்தான். அவ்வெல்லையை யாவரும் அறியக் கல்லிலும் பொறித்தான். குடிகளுக்கு இட்ட கட்டளை மன்னனையும் கட்டியது. துன்புற்றவன் பொருளைக் கவரலாகாது என்னும் பாடமும் அதனுள் அடங்கியது. இதுவே சாசனத்தின் சிறப்பாகும்.

தஞ்சைப் பெரிய கோயிலிலே முதலாம் இராசராச சோழன், தான் கொடுத்தவற்றோடு தமக்கையார் கொடுத்தவற்றையும், மற்றையோர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு பணித்தான். கொடுத்தவர் மறைந்தபின்னும் அவர்களது தருமம் நடைபெற அவ்வெழுத்தே காவலாயிற்று.

அன்பர்களே! ஆலயத் திருப்பணிகளின்போது எழுத்துள்ள பழைய கற்கள் சீமெந்துப் பூச்சினுள் மறைந்துபோவதும், படிக்கற்களாகித் தேய்ந்துபோவதும் உண்டு. அத்தகைய கல்லைக் கண்டால் உடைக்காமலும் பூசாமலும் பேணி, அறிந்தோருக்குக் காட்டுவோமாக. இன்று ஆலயத்துக்குக் கிடைக்கும் கொடைகளையும், கூடி எடுக்கும் தீர்மானங்களையும் யாவரும் பார்க்கக்கூடியவாறு எழுதிவைப்போமாக. அவையே நாளைய தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்லும் சாசனங்களாகும்.