எந்த வழி குறுகிய வழி?

ஓர் ஊரிலிருந்து தொலைவிலுள்ள மற்றோர் ஊருக்குக் காரில் போகவேண்டும். பல விரைவுச்சாலைகள் இருக்கின்றன. எந்த வழியில் போனால் தொலைவு குறையும்? "வரைபடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே!" என்று நீங்கள் சொல்லக்கூடும். நாலைந்து சாலைகள் என்றால் தெரிந்துவிடும். நூறு சாலைகள் என்றால்? கண்ணை நம்பிப் பயனில்லை. ஒரு முறை வேண்டும். அத்தகைய முறை ஒன்றை 1956ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் நெதர்லாந்து நாட்டின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா (1930–2002).

அப்போது அவர் ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்த கணித மையத்தில் பணியாற்றிவந்தார். அங்கே ஆர்மாக் என்னும் புதிய கணிப்பொறி உருவாகியிருந்தது. அதன் திறனைப் பொதுமக்களுக்குக் காட்ட, கணிதம் படிக்காதவர்களுக்கும் விளங்கும் கணக்கு ஒன்று தேவைப்பட்டது. நாட்டின் தென்மேற்கிலுள்ள ராட்டர்டாமிலிருந்து வடகிழக்கிலுள்ள க்ரோனிங்கனுக்குப் போகக் குறுகிய வழி எது? இத்தகைய கேள்வி எல்லோருக்கும் புரியும் அல்லவா? ஒருநாள் காப்பிக் கடையொன்றில் அமர்ந்திருந்தபோது, காகிதமும் பென்சிலும் இல்லாமல், சுமார் 20 நிமிடங்களில் விடை காணும் முறையைச் சிந்தித்து முடித்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். மூன்றே பக்கக் கட்டுரையாக அது 1959இல் வெளிவந்தது.

அதே பயணத்தை இன்றைய விரைவுச்சாலைகளைக் கொண்டு நாமும் ஆராய்வோம். கணக்கு எளிதாக இருப்பதற்காகத் தொலைவுகளை ஐந்தின் மடங்குகளாகத் தோராயப்படுத்தியிருக்கிறோம்.

ராட்டர்டாம் – உட்ரெக்ட்: 60 கி.மீ.
ராட்டர்டாம் – ஆம்ஸ்டர்டாம்: 80 கி.மீ.
உட்ரெக்ட் – ஆம்ஸ்டர்டாம்: 40 கி.மீ.
உட்ரெக்ட் – அல்மேர்: 45 கி.மீ.
ஆம்ஸ்டர்டாம் – அல்மேர்: 30 கி.மீ.
உட்ரெக்ட் – ஸ்வோலே: 90 கி.மீ.
அல்மேர் – யௌரே: 85 கி.மீ.
ஆம்ஸ்டர்டாம் – யௌரே (கடல் அணை வழி): 145 கி.மீ.
ஸ்வோலே – க்ரோனிங்கன்: 105 கி.மீ.
யௌரே – க்ரோனிங்கன்: 70 கி.மீ.

ஒரு தாளில் ஏழு புள்ளிகள் வைத்து ஊர்ப் பெயர்களை எழுதுங்கள். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்துத் தொலைவுகளைக் குறியுங்கள். இனி இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

அருகிலுள்ள ஊர் ஏமாற்றும்

"ஒவ்வோர் ஊரிலிருந்தும், இன்னும் போகாத ஊர்களில் மிக அருகிலுள்ளதற்குப் போனால் என்ன?" இந்த எண்ணம் பலருக்கும் முதலில் தோன்றும். செய்து பார்ப்போம். ராட்டர்டாமுக்கு அருகில் உட்ரெக்ட் (60). அதற்கு அருகில் ஆம்ஸ்டர்டாம் (40). அடுத்து அல்மேர் (30), பிறகு யௌரே (85), கடைசியில் க்ரோனிங்கன் (70). மொத்தம் 285 கி.மீ. ஆனால் உட்ரெக்டிலிருந்து ஸ்வோலே வழியாகப் போனால் 60 + 90 + 105 = 255 கி.மீ. தான்! ஒவ்வோர் அடியிலும் சிக்கனம் பார்த்தும் மொத்தத்தில் 30 கி.மீ. நட்டம்.

சரி, எல்லா வழிகளையும் ஒன்றுவிடாமல் கூட்டிப் பார்க்கலாமா? நமது சிறிய படத்தில் அது இயலும். ஆனால் வழியில் 20 சந்திப்புகள் வந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு சாலைகள் பிரிந்தால் 2-ஐ 20 தடவை பெருக்கவேண்டும். 10,48,576 வழிகள்! ஆர்மாக்கைக் காட்ட டைக்ஸ்ட்ரா எடுத்துக்கொண்ட படத்தில் 64 நகரங்கள் இருந்தன. (ஏன் 64? 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களை ஆறு இடங்களில் எழுதினால் 64 வெவ்வேறு எண்கள் கிடைக்கும். நகரத்துக்கு ஓர் எண் கொடுக்க ஆறு இடங்கள் போதும்.)

டைக்ஸ்ட்ராவின் முறை

இந்த முறையில், புறப்பட்ட ஊரிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் இதுவரை தெரிந்த குறைந்த தொலைவை அந்த ஊரின்மேல் எழுதிவைக்கிறோம். அது தற்காலிக எண். தற்காலிக எண்களில் மிகச் சிறியதை எடுத்து "முடிந்தது" என்று வட்டமிடுகிறோம். அந்த ஊர் வழியாகப் போனால் அண்டை ஊர்களின் எண் குறையுமா என்று பார்க்கிறோம். குறைந்தால் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதுகிறோம். இதையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும்.

1. ராட்டர்டாம் 0. உட்ரெக்டின்மேல் 60, ஆம்ஸ்டர்டாமின்மேல் 80 என எழுதுக.
2. சிறியது உட்ரெக்ட் (60), வட்டமிடுக. இங்கிருந்து அல்மேர் 60 + 45 = 105; ஸ்வோலே 60 + 90 = 150. ஆம்ஸ்டர்டாம் 60 + 40 = 100; பழைய 80-ஏ குறைவு, மாற்றவேண்டாம்.
3. அடுத்துச் சிறியது ஆம்ஸ்டர்டாம் (80). இதன் வழியாக அல்மேர் 110. பழைய 105 நிற்கட்டும். யௌரே 80 + 145 = 225.
4. அடுத்தது அல்மேர் (105). யௌரே 105 + 85 = 190. 225-ஐ அடித்துவிட்டு 190 எழுதுக.
5. அடுத்தது ஸ்வோலே (150). க்ரோனிங்கன் 150 + 105 = 255.
6. அடுத்தது யௌரே (190). க்ரோனிங்கன் 190 + 70 = 260; 255-ஐவிட அதிகம். மாற்றவேண்டாம்.
7. மிஞ்சியது க்ரோனிங்கன் (255). முடிந்தது.

விடை: உட்ரெக்ட், ஸ்வோலே வழியாக 255 கி.மீ.

வட்டமிட்ட எண் பிறகு குறையவே குறையாது என்று எப்படி நம்புவது? ஸ்வோலேயை 150 என்று வட்டமிட்ட நிலையை எண்ணிப் பாருங்கள். வேறு குறுக்குவழி ஒன்று இருந்தால், அது இன்னும் வட்டமிடாத மற்றோர் ஊர் வழியாகத்தான் வரவேண்டும். அந்த ஊரின் எண்ணோ 150-க்குக் குறையாதது. குறைந்திருந்தால் அதையல்லவா முதலில் வட்டமிட்டிருப்போம்? அங்கிருந்து மேலும் சாலையில் போனால் தொலைவு கூடுமே தவிரக் குறையாது. ஆகவே 150 உறுதி. எந்தச் சாலையின் நீளமும் பூச்சியத்துக்குக் கீழ் போகாது என்ற எளிய உண்மையே இந்த முறையின் அடித்தளம்.

கிலோமீட்டரா, நிமிடமா?

255-க்கும் 260-க்கும் உள்ள வேறுபாடு சிறியது. அதனால் காரோட்டி கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி எழுகிறது: நமக்குக் குறையவேண்டியது தொலைவா, நேரமா? நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் கிலோமீட்டர் முக்கியமில்லை, நிமிடமே முக்கியம்.

நெதர்லாந்தில் காற்றில் கலக்கும் நைட்ரஜன் சேர்மங்களைக் குறைப்பதற்காக, 2020 மார்ச் முதல் பெரும்பாலான விரைவுச்சாலைகளில் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணி வரை மணிக்கு 100 கி.மீ. என வேக வரம்பு விதிக்கப்பட்டது. அந்த வேகத்தில் ஸ்வோலே வழிக்கு 153 நிமிடங்கள். அல்மேர் வழிக்கு 156 நிமிடங்கள். மூன்றே நிமிட வேறுபாடு! உட்ரெக்டுக்கும் ஸ்வோலேக்கும் இடையில் நெரிசலால் 10 நிமிடம் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்வோலே வழிக்கு 163 நிமிடங்கள் ஆகிவிடும். இப்போது அல்மேர் வழியே மேல். ஆனால் அந்த வழியில் கேட்டல் பாலம் இருக்கிறது. உயரமான கப்பல்களுக்காக அதன் ஒரு பகுதி திறக்கும், கார்கள் காத்திருக்கவேண்டும். அங்கே 8 நிமிடம் நின்றால் 156 என்பது 164 ஆகி, மறுபடியும் ஸ்வோலே வழி வென்றுவிடும்.

கவனியுங்கள்: இந்த மூன்று சூழ்நிலைகளிலும் முறை ஒன்றுதான். கோடுகளின்மேல் எழுதிய எண்கள்தாம் மாறின. எண்கள் தவறானால், முறை எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை தவறிவிடும்.

கடலில் முளைத்த சாலை

எண்கள் மட்டுமா, படமே மாறும். டைக்ஸ்ட்ரா சிந்தித்த 1956இல் அல்மேர் என்ற ஊரே கிடையாது; அந்த இடத்தில் இருந்தது தண்ணீர். 1932இல் சுமார் 32 கி.மீ. நீளமுள்ள அஃப்ஸ்லௌட்டெய்க் என்னும் அணையால் கடலின் வாயை அடைத்தார்கள். உள்ளே அகப்பட்ட நீர்ப்பரப்பின் பகுதிகளைப் பின்னர் கரைகட்டி, நீரை இறைத்து நிலமாக்கினார்கள். அல்மேர் அமைந்த பகுதி 1968இல் நிலமாயிற்று. 1976இல் அங்கே முதல் குடிமக்கள் வந்தார்கள். ஆகவே நமது அட்டவணையிலுள்ள அல்மேர் வரிகள் 1956ஆம் ஆண்டுப் படத்தில் இருந்திருக்க முடியாது. புதிய நிலமும் புதிய சாலைகளும் வந்தன. ஆனால் அன்றைய முறையைத் திருத்தவேண்டிய தேவை வரவில்லை.

இன்று கார்களில் வழி சொல்லும் கருவிகள் இம்முறையின் வழிவந்த, இன்னும் விரைவான முறைகளைக் கையாளுகின்றன. கணிப்பொறி வலைகளில் செய்திகள் செல்லும் பாதையைத் தேர்ந்தெடுக்கவும் இதே முறை பயன்படுகிறது. கருவி காட்டும் பாதையைப் பார்க்கும்போது, "இது எதைக் குறைத்துக் காட்டுகிறது?" என்று கேட்டுப் பழகுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஸ்வோலேயையும் யௌரேயையும் இணைத்து 70 கி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்பதற்காக உட்ரெக்ட் – ஸ்வோலே சாலை மூடப்பட்டுவிட்டது என்று கொள்ளுங்கள். ராட்டர்டாமிலிருந்து ஸ்வோலேக்கும் க்ரோனிங்கனுக்கும் குறைந்த தொலைவுகள் எவை? இரண்டு ஊர்களுக்கும் ஒரே எண் வந்தால் உங்கள் கணக்குச் சரி.