ரெண்டு தடவை ஓட்டினாலும் ஒண்ணுதான் இருக்கணும்

மழைக்காலத்தில் வால்பாறையில் உட்கார்ந்து கிளவுட் வேலை பழகுகிறாயா கண்ணு? அப்படியென்றால் பிரவுசரில் கிளிக் செய்து நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் உருவாக்குகிற பழக்கத்தை முதலில் விட்டுவிடு. எல்லாப் பெட்டியையும் நிரப்பிக் கடைசி பட்டனை அழுத்தியதும் அந்தச் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். வெளியே காற்றடித்து ஏதோ ஒரு சில்வர் ஓக் கிளை கம்பி மேல் விழுந்திருக்கும். கரண்ட்டும் இல்லை, டவரும் இல்லை. சாயங்காலம் லைன் வந்து பார்க்கும்போது இன்டர்ஃபேஸ் உருவானதா, பாதியில் நின்றதா என்று உனக்கே தெரியாது. சந்தேகத்தில் இன்னொன்று உருவாக்குவாய். பழகுகிறவர்களின் அக்கவுண்டில் ஒரே மாதிரிப் பெயரோடு மூன்று நான்கு நெட்வொர்க் கார்டு தொங்குவது இப்படித்தான்.

கட்டளை வரியில் செய்தால் போய் வருவது சில கிலோபைட் எழுத்து மட்டும். சுமாரான சிக்னலிலும் ஓடிவிடும். ஆனால் கட்டளையைக் கோப்பில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து ஓட்டினாலும் இரண்டாவது கார்டு முளைக்கக் கூடாது, அந்த மாதிரி எழுத வேண்டும். இங்கே மற்ற டிப்ஸ் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஒரு சின்ன குறிப்பு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீ ஆங்கிலத்தில் அடித்துக்கொள். அமேசான் கட்டளைப் பெயர் முழுக்கச் சின்ன எழுத்து, வார்த்தைகளுக்கு நடுவே சிறு கோடு, ஆப்ஷன்களுக்கு முன்னால் இரண்டு கோடு.

விர்ச்சுவல் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் என்றால் என்ன என்று இன்டர்வியூவில் கேட்டால் சிம் கார்டைச் சொல். போன் உடைந்தால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுகிறோம், நம்பர் மாறுவதில்லை. இதுவும் அப்படித்தான். பிரைவேட் ஐபி, மேக் அட்ரஸ், செக்யூரிட்டி குரூப் எல்லாம் இந்தக் கார்டோடு ஒட்டியிருக்கும். அமேசானில் இதற்கு எலாஸ்டிக் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ், சுருக்கமாக இஎன்ஐ என்று பெயர். மைக்ரோசாஃப்ட் அஷ்யூரில் என்ஐசி. அமேசானில் சர்வரோடு பிறக்கிற முதல் கார்டை மட்டும் கழற்ற முடியாது. தனியாக நீ உருவாக்கி மாட்டுவதைக் கழற்றலாம், வேறு சர்வரில் மாட்டலாம்.

இப்போது ஸ்கிரிப்ட். அமேசானில் உருவாக்கும் கட்டளை ஏடபிள்யூஎஸ் ஈசி2 கிரியேட்-நெட்வொர்க்-இன்டர்ஃபேஸ். சப்நெட் ஐடி கொடுத்தால் போதும், கார்டு வந்துவிடும். வம்பும் அங்கேதான். இந்தக் கட்டளையை எத்தனை தடவை ஓட்டுகிறாயோ அத்தனை கார்டு வரும். அதனால் உருவாக்குவதற்கு முன்னால் தேடு. டிஸ்கிரைப்-நெட்வொர்க்-இன்டர்ஃபேசஸ் கட்டளையில் டேக் பெயரை ஃபில்டராகக் கொடுத்து, அந்தப் பெயரில் கார்டு இருக்கிறதா என்று கேள். இருந்தால் அதன் ஐடியை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு.

இதில் ஒரு இடத்தில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கொயரி ஆப்ஷனில் முதல் கார்டின் ஐடியைக் கேட்டு, அவுட்புட்டை டெக்ஸ்ட் என்று வைத்தால், கார்டு இல்லாதபோது காலியாக எதுவும் வராது. 'நன்' என்று நான்கெழுத்து ஆங்கில வார்த்தை ஒன்று வரும். உன் ஸ்கிரிப்ட் 'வேரியபிள் காலியா?' என்று மட்டும் பார்த்தால், காலி இல்லையே என்று நினைத்து அந்த 'நன்'னையே கார்டு ஐடியாக அடுத்த கட்டளைக்குத் தூக்கிக் கொடுக்கும். அது தப்பான ஐடி என்று கத்தும். காலியா என்றும் பார், அந்த வார்த்தையா என்றும் பார்.

டேக் வைப்பதைத் தனிக் கட்டளையாக வைக்காதே. முதலில் உருவாக்கி, பிறகு கிரியேட்-டேக்ஸ் ஓட்டுவது பல வீடியோக்களில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் லைன் போனால் பெயரில்லாத கார்டு ஒன்று அங்கே கிடக்கும். அடுத்த தடவை தேடினால் உன் ஸ்கிரிப்ட் கண்ணுக்கு அது படவே படாது. டேக்-ஸ்பெசிஃபிகேஷன்ஸ் என்ற ஆப்ஷன் இருக்கிறது, உருவாக்கும் கட்டளையிலேயே பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிடு.

கூடவே கிளையன்ட்-டோக்கன் என்ற ஆப்ஷனையும் சேர். நீயே ஒரு அடையாளச் சொல் வைத்துக்கொள். கட்டளை போய்ச் சேர்ந்து, பதில் வருவதற்குள் லைன் அறுந்தால், அதே டோக்கனோடு அதே விவரங்களோடு மறுபடி அனுப்பு. அமேசான் புதிதாக ஒன்று உருவாக்காது, முதலில் உருவாக்கியதையே திருப்பிச் சொல்லும். டோக்கனை வைத்துக்கொண்டு சப்நெட்டை மாற்றி அனுப்பினால் பொருந்தவில்லை என்று எர்ரர் வரும். அந்த எர்ரர் உன் நன்மைக்குத்தான்.

அஷ்யூரில் கதை வேறு. ஏஇசட் நெட்வொர்க் என்ஐசி கிரியேட் என்று அதே பெயரில், அதே ரிசோர்ஸ் குரூப்பில் மறுபடி ஓட்டினால் இரண்டாவது கார்டு வராது. பெயர்தான் அங்கே அடையாளம். ஆனால் இருப்பதை நீ இப்போது கொடுத்த விவரத்தால் மாற்றி எழுதும். முதல் தடவை நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப் கொடுத்து, இரண்டாம் தடவை அதை விட்டுவிட்டால் அது கழன்று போகலாம். ஆகவே ஸ்கிரிப்டை வெட்டி வெட்டி ஓட்டாமல் முழு விவரத்தோடு ஓட்டு.

பவர்ஷெல்லில் பழகுகிறவர்களுக்கு: பழைய பாடங்களில் அஷ்யூர்ஆர்எம் என்று வருகிற கட்டளைகளை நம்பாதே. அந்த மாடியூல் 2024 பிப்ரவரி 29 அன்று ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது நியூ-ஏஇசட்நெட்வொர்க்இன்டர்ஃபேஸ். அதே பெயரில் கார்டு இருந்தால் 'மேலெழுதட்டுமா?' என்று கேட்டுக்கொண்டு நிற்கும். ராத்திரி தானாக ஓடட்டும் என்று போட்டு வைத்த ஸ்கிரிப்ட் காலைவரை அந்தக் கேள்வியிலேயே நிற்கும். ஃபோர்ஸ் கொடுத்தால் கேட்காது, ஆனால் அதை யோசித்துக் கொடு.

உருவாக்கும் முன் ஒத்திகை பார்க்க அமேசானில் டிரை-ரன் ஆப்ஷன் இருக்கிறது. அதைக் கொடுத்து ஓட்டினால் எர்ரர் மாதிரியே ஒரு செய்தி வரும், பயந்துவிடாதே. 'செய்திருந்தால் வெற்றி பெற்றிருக்கும், டிரை-ரன் என்பதால் செய்யவில்லை' என்பதுதான் அதன் பொருள். உனக்கு அனுமதி இல்லாவிட்டால் அன்ஆத்தரைஸ்டு என்று வரும். இரண்டையும் படித்துப் பார்க்காமல் 'எர்ரர் வருதுக்கா' என்று மெசேஜ் போடுகிற ஆட்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன்.

இன்னொரு வழக்கமான வம்பு இடம் சம்பந்தப்பட்டது. அமேசானுக்கு இந்தியாவில் மும்பை ரீஜன் 2016ல் வந்தது, ஹைதராபாத் 2022ல். அஷ்யூர் 2015லேயே புனே, சென்னை, மும்பை என்று மூன்று இடத்தில் திறந்துவிட்டது. அதில் சவுத் இந்தியா என்பதுதான் சென்னை. எங்கே வேண்டுமானாலும் பழகு, ஆனால் கார்டும் சர்வரும் ஒரே ரீஜனில் இருக்க வேண்டும். அமேசானில் அதுகூடப் போதாது, ஒரே அவெய்லபிலிட்டி ஜோனாக இருக்க வேண்டும். மும்பையின் 'ஏ' ஜோன் சப்நெட்டில் கார்டை உருவாக்கிவிட்டு 'பி' ஜோன் சர்வரில் மாட்டப் பார்த்தால் மாட்டாது. சப்நெட்டைக் கையால் எழுதாமல், எந்த சர்வரில் மாட்டப்போகிறாயோ அதன் விவரத்திலிருந்தே ஸ்கிரிப்ட் சப்நெட்டை எடுத்துக்கொள்ளட்டும்.

அமேசானில் ஓடிக்கொண்டிருக்கிற சர்வரிலும் கார்டை மாட்டலாம். அஷ்யூரில் சர்வரை நிறுத்தி, டீஅலோகேட் ஆன பிறகுதான் முடியும். உள்ளே போய் ஷட்டவுன் கொடுத்தால் மட்டும் டீஅலோகேட் ஆகாது, வெளியிலிருந்து கட்டளை கொடுக்க வேண்டும். எத்தனை கார்டு மாட்டலாம் என்பது சர்வரின் அளவைப் பொறுத்தது. பழகுகிறவர்கள் எடுக்கிற டி3 மைக்ரோவுக்கு மொத்தமே இரண்டுதான்.

சப்நெட் போடும்போது கணக்குப் பார். /28 என்றால் 16 முகவரி. அமேசானானாலும் அஷ்யூரானாலும் முதல் நான்கும் கடைசி ஒன்றும் அவர்களுக்கு, உனக்கு 11. 'பதினாறு இருக்கே, பன்னிரண்டாவது ஏன் வரலை?' என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

இரண்டாவது கார்டு எதற்கு என்று கேட்பாய். வேகம் இரட்டிப்பாகும் என்று நினைத்து மாட்டாதே, ஆகாது. சில லினக்ஸில் ரவுட்டிங்கை நீயே சரிசெய்யாவிட்டால் ஒரு கார்டில் வந்ததற்கு இன்னொரு கார்டு வழியாகப் பதில் போய், இருக்கிறதும் கெட்டுவிடும். முகவரி மாறாமல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இதற்கு மதிப்பு. நம்ம ஊர்க்காரர்களுக்குப் புரிகிற உதாரணம் யானை எச்சரிக்கை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் இங்கே பல வருடமாகச் செய்துவருகிற வேலை அது: யானை எங்கே நிற்கிறது என்று எஸ்எம்எஸ் வரும், முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். அந்த முயற்சிக்காக ஆனந்த குமார் 2015ல் விட்லி விருது வாங்கினார். இந்த மாதிரி ஒரு அறிவிப்பு சர்வரை உன் ஃபைனல் இயர் பிராஜெக்ட்டாக எடுத்துக்கொள்.

எஸ்டேட்டில் இருக்கும் கருவிகள் எல்லாம் ஒரே முகவரிக்குத் தகவல் அனுப்புகின்றன என்று வை. ராத்திரி சர்வர் படுத்துவிட்டது. கருவி ஒவ்வொன்றிலும் போய் முகவரியை மாற்ற ஆள் கிடையாது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் நடக்கவும் கூடாது. அதே ஜோனில் ஸ்டாண்ட்பை சர்வர் ஒன்றைத் தயாராக வை. ஸ்கிரிப்ட் பழைய சர்வரிலிருந்து கார்டை டிடாச் செய்து, கழன்றுவிட்டதா என்று கேட்டுக் காத்திருந்து, புதியதில் டிவைஸ் இண்டெக்ஸ் 1 என்று அட்டாச் செய்யும். பிரைவேட் ஐபி அதேதான். கார்டோடு எலாஸ்டிக் ஐபி, அதாவது மாறாத பப்ளிக் முகவரி, கட்டியிருந்தால் அதுவும் கூடவே வரும். கருவிகளுக்கு எதுவும் மாறியதே தெரியாது. நடுவில் காத்திருக்கிற அந்த ஒரு வரியை விட்டால் மட்டும், 'இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது' என்று அட்டாச் தோற்றுவிடும். இதைச் செய்து காட்டிய பிள்ளைக்கு இன்டர்வியூவில் தியரி கேள்வி குறையும்.

கட்டளைகளை வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வைத்துக் காப்பி எடுக்காதே. இரண்டு சிறு கோடு ஒரே நீளக் கோடாகிவிடலாம், நேரான மேற்கோள் குறி வளைந்துவிடலாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, டெர்மினல் மட்டும் 'தெரியாத ஆப்ஷன்' என்று சொல்லும். விண்டோஸ் நோட்பேடில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டிலும் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து உட்கார்ந்துகொண்டு தொல்லை கொடுக்கும். எடிட்டரில் லைன் எண்டிங்கை எல்எஃப் என்று வைத்துக்கொள்.

ஆக்சஸ் கீயை ஸ்கிரிப்டுக்குள் எழுதவே எழுதாதே, கிளாஸ் குரூப்பில் பகிரவும் வேண்டாம். அமேசான் கிளவுட்ஷெல், அஷ்யூர் கிளவுட் ஷெல் இரண்டிலும் பிரவுசரில் லாகின் செய்ததே போதும், தனிச் சாவி தேவையில்லை. உன் லேப்டாப் சுமாராக இருந்தாலும் ஓடும். சுமார் 20 நிமிடம் எதுவும் செய்யாமல் விட்டால் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

லைனே இல்லாத நாளிலும் பழகலாம். லேப்டாப்பில் உபுண்டு இருந்தால் சூடோ ஐபி லிங்க் ஆட் டம்மி0 டைப் டம்மி என்று அடி, ஒரு விர்ச்சுவல் கார்டு பிறக்கும். அதற்கு ஐபி கொடு, அப் செய், டவுன் செய், அழி. பைசா செலவில்லை.

பைசா என்றதும் நினைவு வருகிறது. கார்டுக்குத் தனி வாடகை கிடையாது. ஆனால் 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் பப்ளிக் ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. பயன்படுத்தினாலும் வாங்கும், சும்மா வைத்திருந்தாலும் வாங்கும். மாதம் 3.6 டாலர், நம்ம காசில் 300 ரூபாய்க்குக் குறையாது. கட்டளை வழியாகத் தனியாக மாட்டிய கார்டு, சர்வரை டெர்மினேட் செய்தாலும் தானாக அழியாது. டெலிட்-ஆன்-டெர்மினேஷன் ஆப்ஷனை நீதான் ட்ரூ ஆக்க வேண்டும். அஷ்யூரிலும் சொல்லாவிட்டால் சர்வர் போய் என்ஐசி நிற்கும்.

அதனால் உருவாக்கும் ஸ்கிரிப்டை எழுதும் அன்றே அழிக்கும் ஸ்கிரிப்டையும் எழுதிவிடு. வரிசை முக்கியம்: டிடாச், காத்திரு, டெலிட், பிறகு எலாஸ்டிக் ஐபியை ரிலீஸ் செய், கடைசியில் செக்யூரிட்டி குரூப். மாற்றிச் செய்தால் டிபென்டன்சி என்று முரண்டு பிடிக்கும். அஷ்யூரில் எந்த சர்வரோடும் சேராத என்ஐசியைப் பட்டியல் எடுத்து மொத்தமாக அழிக்கும் முன் ஒரு நிமிடம் நில். பிரைவேட் எண்ட்பாயிண்டுக்குச் சொந்தமான கார்டுகளும் அதே பட்டியலில்தான் வரும், அவற்றில் கை வைக்கக் கூடாது.

இன்றைக்கே லைன் இருக்கும்போது ஒரு வேலை செய். ஸ்டேட்டஸ் அவெய்லபிள் என்று ஃபில்டர் போட்டு உன் அக்கவுண்டில் தொங்குகிற கார்டுகளைப் பட்டியல் எடு. மும்பையில் ஒரு தடவை, ஹைதராபாத்தில் ஒரு தடவை; ஒரு ரீஜன் பட்டியலில் அடுத்த ரீஜன் கார்டு வராது. உன்னுடையது எது என்று பெயர் பார்த்து அழி. கையோடு எலாஸ்டிக் ஐபி பட்டியலையும் எடுத்துப் பார். பில் வருவது அங்கிருந்துதான்.