வேல் சொல்லும் மூன்று பாடம்

ஓம் சரவணபவ!

கடலூர் – சிதம்பரம் சாலையில இருக்கும் சிப்காட்டில் ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. சேர்ந்தப்போ, ஆரம்பத்தில் தினமும் அரத்தால் இரும்பை ராவுறதுதான் பயிற்சி. கையெல்லாம் கொப்புளம். "இதுக்கா படிக்க வந்தோம்?" என்று நின்றுவிடப் பார்த்தேன்.

கிருத்திகை அன்று கோயிலில் அப்பா முருகன் கையிலிருந்த வேலைக் காட்டினார். "அடி ஆழம், நடு அகலம், நுனி கூர்மை. அறிவும் அப்படி இருக்கணும்டா" என்றார்.

தொழிலில் அது மெல்லப் புரிந்தது. ராவின பரப்பில் மூலைமட்டம் வைத்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. அதுவரைக்கும் விடாமல் ராவுறது ஆழம். வெல்டிங், வரைபடம் என்று பக்கத்து வேலையையும் கற்றுக்கொள்வது அகலம். பம்ப் சத்தத்தை வைத்தே பழுதைப் பிடித்து, சரிசெய்யச் சொந்தமாக ஒரு வழி யோசிப்பது கூர்மை. ஆழம் வராமல் கூர்மை வராது.

ஃபிட்டர் படிப்பு 2 வருஷம். பிறகு அப்ரண்டிஸாகச் சேர்ந்தால், 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவித்தொகையோடு தொழில் பழகலாம்.

உங்க வீட்டுப் பிள்ளை ஆறே மாசத்தில் "எனக்கு இது வராது" என்று வந்து நின்றால் திட்டாதீங்க. கோயிலுக்குக் கூட்டிப்போய் வேலைக் காட்டுங்க.

வேலும் மயிலும் துணை!