எட்டு நாட்டாமையும் ஒரே தராசும்

சில காலத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் உள்ள என் இரும்புக் கடையில் மாத முடிவு இருப்புக் கணக்கு எடுக்கக் கணனிக்கு ஒரு முழு இரவு தேவைப்பட்டது. மூன்று கிளைகளின் பில்களும் ஒன்று சேரும் கணக்கு அது. நடுவில் மின்சாரம் போனால் மறுநாள் இரவு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மென்பொருள் விற்றவர், "பெரிய கணனியாக ஒன்று வாங்குங்கள் நானா, சரியாகிவிடும்" என்றார். அவர் சொன்ன விலைக்கு லொறிக்கு டயர் போட்டுவிடலாம்.

அப்போதுதான் முதுமாணிப் படிப்புப் படிக்கும் தெரிந்த தம்பி ஒருவர் வந்தார். உயர்திறன் கணிப்பில் குழுச் செயற்றிட்டம் செய்ய வேண்டும், உண்மையான வேலை ஏதும் உண்டா என்று கேட்டார். வியாபாரிகளாகிய நமக்கும் சுப்பர் கணனிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன்.

1994இல் அமெரிக்க நாஸாவில் தோமஸ் ஸ்டேர்லிங், டொனால்ட் பெக்கர் என்போர் கடையில் கிடைக்கும் 16 சாதாரண கணனிப் பகுதிகளை வலையமைப்பால் இணைத்து ஒரே கணனிபோல வேலை வாங்கினார்கள். அதற்குப் பெயர் பியோவுல்ஃப். இன்று உலகின் மிகப் பெரிய கணனிகளும் இப்படி ஆயிரக்கணக்கில் இணைத்தவையே. நமக்கு எதிர்க்கரையில், திருச்சி தேசிய தொழினுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 'பரம் பொருள்' செக்கனுக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள் போடும் வல்லமை கொண்டது. 

ஆனால் இணைப்பது எளிது, வேலையைப் பிரிப்பதுதான் கஷ்டம். ஜீன் அம்டால் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1967இலேயே இதைச் சொல்லிவிட்டார். நம் பாஷையில் சொல்கிறேன். ஒரு லொறிக் கம்பியை ஒரு நாட்டாமை தனியே இறக்க 10 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 8 மணித்தியாலம் சுமப்பது, 2 மணித்தியாலம் தராசில் நிறுப்பது. தராசு ஒன்றுதான். எட்டு நாட்டாமை வைத்தால் சுமக்கும் வேலை ஒரு மணித்தியாலத்தில் முடியும், மொத்தம் 3. எண்பது பேரை வைத்தாலும் 2 மணித்தியாலமும் 6 நிமிடமும் ஆகும். எண்ணூறு பேருக்குக் கூலி கொடுத்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்குக் கீழே இறங்காது. கூலியைக் கூட்டுமுன் தராசைப் பார்க்க வேண்டும்.

புத்தகத்தில் இதை ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். வேலையில் தராசு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழகுவது வேறு. அதற்காகவே குழுப் பயிற்சி. அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய மாணவர் போட்டியொன்றில் ஆறு பேர் கொண்ட குழு தாமே கணனிகளை இணைத்து, மட்டுப்படுத்திய மின்சாரத்தில், 48 மணித்தியாலம் விடாமல் கணக்குப் போட வேண்டும். பல மாதம் பழக்கிய வழிகாட்டி, போட்டி தொடங்கியதும் கைகட்டி நிற்க வேண்டும். நமது யாழ்ப்பாணத்திலும் யாழ் ஐ.ரி. ஹப் 2012இல் ஆரம்பித்த 'யாழ் கீக் சலஞ்ச்' இந்த வழிகாட்டி முறையில் அமைந்ததே. அது சுப்பர் கணனிக்கானதல்ல, புதிய தொழில் யோசனைகளுக்கானது.

என்னிடம் வந்தவர்கள் மூன்று பேர். வெளிநாட்டில் வேலை செய்யும் வழிகாட்டி ஒருவர் வாரம் ஒருமுறை திரையில் வருவார். முதல் வாரம் இவர்கள் விடை கேட்டபோது அவர் சொல்லவில்லை. எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று அளந்து வரச் சொன்னார். எனக்கு உள்ளூரக் கோபம். கடையில் உட்கார்ந்து மணிக்கூடு பார்க்கவா பிள்ளைகள் வந்தார்கள்?

அளந்ததில்தான் விஷயம் வெளிவந்தது. ஒவ்வொரு பில் வரிக்கும் மென்பொருள் விலைப்பட்டியலை முதலிலிருந்து திறந்து தேடிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆணிக்கும் களஞ்சியத்துக்கு நடப்பது போல. அதோடு, கணனியின் மூளையில் நான்கு பகுதிகள் இருந்தும் ஒன்றுதான் வேலை செய்தது. அவர்கள் பதிவுகளின் பிரதியை எடுத்து, தனியாக ஒரு சிறு நிரல் எழுதினார்கள். விலைப்பட்டியலை ஒரே தடவை திறந்தார்கள். மூன்று கிளைகளையும் பக்கம் பக்கமாக ஓடவிட்டார்கள். முதல் திருத்தத்திலேயே பெரும் பகுதி நேரம் மிச்சமாயிற்று. இப்போது மஃரிபுக்குப் பின் தொடங்கினால் இஷாவுக்கு முன் கணக்கு கையில். கணனி அதே பழையதுதான்.

ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு கிளையில் இன்னும் கையால் பில் எழுதுகிறோம். அதை ஒரு பொடியன் இருந்து தட்டச்சுச் செய்ய இரண்டு நாள் போகிறது. அந்தத் தராசு என்னுடையது, மாணவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்படி மாணவர் குழுவுக்கு வேலை கொடுக்க விரும்புவோர் சில விடயங்களைக் கவனியுங்கள். வழிகாட்டி யார் என்று முதலில் கேளுங்கள். வழிகாட்டி இல்லாத குழு பாதியில் பரீட்சைக்குப் போய்விடும். முதல் வாரம் உங்கள் நேரத்தையும் கொடுக்க வேண்டும், கணக்கப்பிள்ளையிடம் தள்ளிவிட வேண்டாம். அவர்கள் எழுதிய நிரலை வேறொருவர் பார்த்துத் திருத்தக்கூடியதாக எழுத்தில் விளக்கம் வாங்கிக்கொள்ளுங்கள். பிரதி கொடுக்குமுன் வாடிக்கையாளர் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் நீக்கி இலக்கமிடுங்கள். கடன் கொப்பியை மட்டும் லாச்சியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.