கணனியில் பசை வழிந்தால்



1977, 1983 கலவரங்களின்போது மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தங்கள் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே வவுனியாப் பல்கலைக்கழகத்தில் (2021இல் தனிப் பல்கலைக்கழகமானது) பிள்ளைகள் கணனியும் படிக்கிறார்கள். இங்கே குளிரில் ஒழுங்காக ஓடிய கணனி வன்னியின் சித்திரை வெயிலில் சூடேறி நின்றுவிடலாம். உள்ளே பசை காய்ந்திருந்தால் மாற்றத்தான் வேணும்.

புரொசசருக்கும் கூலருக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. அந்த இடத்தை நிரப்பத்தான் பசை. பட்டாணி அளவு போதும். நிறைய வைத்தால் நல்லாக் குளிரும் என்பது வெறும் பேச்சு.

வழிந்தாலும் பதற வேண்டாம். சாதாரண வெள்ளை, சாம்பல் பசை பெரும்பாலும் மின்சாரம் கடத்தாது. கலியம் கலந்த திரவ உலோகம் கடத்தும். அதை வீட்டில் தொடாதீர்கள்.

துடைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஓடவிட்டால் பசை இளகும். பிறகு கணனியை நிறுத்தி, வயரைக் கழற்றி, கூலரை லேசாகத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் சில ஏ.எம்.டி. புரொசசர்கள் கூடவே வந்து பின் வளைந்துவிடும். நூல் விடாத துணியில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் அல்ககோலைத் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடையுங்கள். அடுப்படியில் வேண்டாம், தீப்பிடிக்கும். தண்ணீரும் மண்ணெண்ணெயும் கூடவே கூடாது.

சொக்கெட்டுக்குள் பசை விழுந்தால் மட்டும் துணி போடாதீர்கள். இன்டெல் சொக்கெட்டில் மயிர்போன்ற பின்கள்; ஒன்று வளைந்தாலும் மதர்போட்டுக்கே செலவு. அதைத் திருத்துபவரிடமே கொடுங்கள்.