ஏறின கியர்லயே இறங்கலாமா?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. காபி, மிளகு, சில்வர் ஓக் மரம் எல்லாம் மேலிருந்து இறங்கும். சிமெண்டும் கம்பியும் கீழிருந்து ஏறும். மேலே தலைச்சோலை ஊரில் ஒருவர் வீடு கட்டினால் செங்கல்கூட மலையேறித்தான் வர வேண்டும்.

அப்படி மர லோடோடு இறங்கிய வண்டி ஒன்றில் கிளீனர் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். டிரைவர் தம்பிக்கு ஹெவி லைசென்ஸ் வந்து எட்டு மாதம். அன்றுவரை கியர் வண்டி ஓட்டியவன் கையில் ஓனர் புது ஏ.எம்.டி. வண்டியைக் கொடுத்திருந்தார். முதல் இரண்டு வளைவிலும் அவன் இடது கால், இல்லாத கிளட்சைத் தேடித் தேடித் தரையை மிதித்தது. கால் சீக்கிரம் மறந்துவிடும். டீக்கடையில் காதில் விழுந்த பாடங்கள்தான் லேசில் போகாது.

“ஆட்டோமேட்டிக்ல கிளட்சே கிடையாதுண்ணா”

பெடல்தான் கிடையாது. ஏ.எம்.டி. என்பது நாம் பழகிய அதே பல்சக்கர கியர் பாக்ஸ், அதே கிளட்ச் தட்டு. காலும் கையும் செய்த வேலையைக் கம்ப்யூட்டர் சொல்படி காற்றழுத்தமோ மோட்டாரோ செய்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் முன்வண்டி நின்றால், பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்தே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார்கள் பாருங்கள், அது பழைய ஹாஃப் கிளட்ச் வித்தையேதான். தட்டு உள்ளே தேய்ந்து கருகும். டார்க் கன்வெர்ட்டர் வைத்த நிஜ ஆட்டோமேட்டிக் வேறு ரகம். அதில் எண்ணெய்தான் விசையைக் கடத்தும். இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால் வந்த குழப்பம் இது.

‘ஆட்டோமேட்டிக் மலை ஏறாது’ என்பதற்கு ரொம்பப் பேச வேண்டாம். ஏறும். சுரங்கத்தில் லோடு சுமக்கும் பெரிய டம்பர்கள் பலவும் ஆட்டோமேட்டிக்தான்.

“டி-யில போட்டுட்டா வண்டியே பார்த்துக்கும்”

எதைப் பார்க்கும்? இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறது, கால் எவ்வளவு அழுத்துகிறது, சக்கரம் என்ன வேகம், இவ்வளவும் அதற்குத் தெரியும். இருபதடி முன்னால் ரோடு திரும்புவது தெரியாது. வளைவுக்குச் சற்று முன் காலை எடுத்தால், ‘சுமை குறைந்தது’ என்று நினைத்து மேல் கியருக்குப் போய்விடலாம். கியர் மாறும் அந்த ஒரு நொடி இன்ஜின் பிடிமானம் இருக்காது. தவிர, வண்டி ஊர்கிற வேகத்துக்கு வந்ததும், இன்ஜின் அணைந்துவிடக் கூடாதே என்று கிளட்ச் தானாகப் பிரியும். முதல் வளைவில் அது பிரிந்ததும் தம்பி திடுக்கிட்டான். “என்னண்ணா, வண்டி கையை விட்டுப் போகுது!” அதற்குத்தான் லிவரில் மேனுவல் நிலை இருக்கிறது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, அதிலேயே பிடித்து வைக்க வேண்டும்.

“ஏறின கியர்லயே இறங்கு”

இதைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. டபுள் கிளட்ச் போட்டு ஓட்டிய தலைமுறையை மலையில் காப்பாற்றிய வாக்கு இது. அந்த வண்டிகளுக்கு இழுவை குறைவு. செகண்டில் முனகிக்கொண்டு ஏறும், அதே செகண்டில் இறங்கினால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். இன்றைய டர்போ இன்ஜின் அதே ஏற்றத்தை இன்னும் மேல் கியரிலேயே தாண்டிவிடுகிறது. ஆனால் ஏற்றுகிற சக்தி கூடிய அளவுக்கு, இறக்கத்தில் பிடிக்கிற சக்தி கூடவில்லை. ஆகவே புது வண்டியில் ஏறின கியருக்கும் ஒன்று குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு இறங்குவதுதான் சரி.

ஒரு சின்னக் கணக்கு. பத்து டன் வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 98 மெகாஜூல். 300 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்தச் சூடு போதும். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வர இறங்குவது கிட்டத்தட்ட அந்த உயரம். இன்ஜின் பிடிக்காவிட்டால், காற்றுக்கும் டயருக்கும் போன கொஞ்சம் நீங்கலாக, மிச்சச் சூடு முழுக்க பிரேக் டிரம்முக்குத்தான். சூடேறிய பிரேக் லைனர் வழுக்கும். பயத்தில் பெடலைக் குத்திக் குத்தி மிதித்தால் பிரேக்குக்கான டேங்கில் இருக்கும் காற்றும் இறங்கும்.

“நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்”

இருப்பதிலேயே மோசமானது இது. மிச்சமும் இல்லை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் ஊற்றியாக வேண்டும். “ஃபாரின் வண்டியில கம்ப்யூட்டரே நியூட்ரல் போடுதாமே?” என்றான் தம்பி. போடுகிறது, நெடுஞ்சாலையின் லேசான சரிவில். மலையில் அந்த வேலை ஆகாது. இன்ஜினையே அணைத்து இறங்குகிற மகான்களும் உண்டு. அவர்களுக்கு ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்குக் காற்று நிரப்புகிற கம்ப்ரெசரும் நின்றுவிடும்.

பாதி வழியில் ஒரு பஸ் ஏறி வந்தது. இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது மலைப்பாதை விதி. ஒதுங்கினான். மறுபடி கிளம்ப மேனுவலில் முதல் கியர். இடது கால் இப்போது சும்மா இருந்தது.

அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினோம். காரில் இருக்கிற மாதிரி ‘பி’ எங்கே என்று லிவரில் தேடினான். இந்த வண்டியில் அது இல்லை. நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தான். அப்படியே டிரம் பக்கம் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தான். சூடுதான். லைனர் வாசனை வரவில்லை.